பகலில் உறங்குவோர் அறை

நம் சங்கத்து அன்பர்களுள் பெரும்பாலோர் பகலில் உழைத்து இரவில் உறங்குகின்றவர்கள். ஆயினும் நம்மிடையே இரவெல்லாம் விழித்துப் பகலில் கண்ணயர்வோரும் சிலர் உளர். ரயில்வேயிலும், மருத்துவமனைகளிலும், மின் நிலையங்களிலும், தொழிற்சாலைகளிலும் பணிபுரிவோர் இவ்வகையினர். ஊரார் எழும் வேளையில் இவர்கள் படுக்கைக்குச் செல்கின்றனர். ஊரைவிட்டு ஊர் வந்து, இரண்டு அறைகொண்ட குடியிருப்பில் பெற்றோரும் பிள்ளைகளுமாக வாழ்கின்ற குடும்பங்களில், இத்தகைய ஒருவருடைய உறக்கம் அவருக்கு மட்டும் உரிய செய்தியன்று. வீடு முழுவதற்கும் உரிய செய்தி. நான் நாகபுரியில் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிகின்றவன். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் நள்ளிரவு 12 மணி முதல் காலை 8 மணி வரை எனக்குப் பணி. பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன் அல்லன். மருத்துவ அறிவு பெற்றவனும் அல்லன். எங்கள் வீட்டுப் படுக்கையறையைப் பற்றி எழுதலாம் என்று துணிந்ததற்குக் காரணம், அந்த அறையைச் சீர்செய்ய நானும் என் மனைவியும் இரண்டு கோடைகள் செலவிட்டோம் என்பதே.

என் தந்தையார் சரக்கு வண்டியில் கார்டாக இருந்தவர். (அந்தப் பதவிக்கு 2022-ஆம் ஆண்டு முதல் 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர். அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்.) சரக்கு வண்டிக்குக் கால அட்டவணை இல்லை, ஆகவே அப்பாவின் உறக்கத்துக்கும் கால அட்டவணை இருந்ததில்லை. 'கால் பாய்' என்ற ஏவலாள் குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எந்நேரத்திலும் வந்து கதவைத் தட்டுவான். அப்பா கையொப்பமிட்டுவிட்டு எழுந்து புறப்படுவார். போன பின் முப்பது மணி நேரம் கழித்தும் வருவார். ஐம்பது மணி நேரம் கழித்தும் வருவார். வந்ததும் படுக்கை.

அந்நாட்களில் எங்கள் வீட்டில் அதிகமாகக் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: "சத்தம் போடாதே, அப்பா தூங்குகிறார்." நானும் என் தமக்கையும் அந்த ஒரு வாக்கியத்திலேயே வளர்ந்தோம் என்று சொல்லலாம். வானொலி பாடாது, தட்டு ஓசைப்படாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வாசலில் விளையாட வரமாட்டார்கள். அவ்வளவு செய்தும் அப்பா உறங்கினார் என்று சொல்வதற்கில்லை. ஜன்னலில் கதவு இருந்தது, திரை இல்லை. உச்சி வெயில் அவர் முகத்தில் விழும். துண்டால் கண்ணை மூடிக்கொண்டு புரண்டு கிடந்து, மூன்று மணி நேரத்தில் சிவந்த கண்களோடு எழுந்து வருவார். அந்த வேளையில் அவரிடம் பள்ளிக்கூட அறிக்கையைக் காட்டி ஒப்பம் கேட்க எங்களுக்குத் துணிவு வந்ததில்லை. அவர் கடுமையானவர் அல்லர். விடுமுறை நாளில் நன்கு உறங்கி எழுந்தால் அவரைப்போல நகைச்சுவையாகப் பேசுபவர் எங்கள் வரிசையிலேயே இல்லை. அந்த அப்பாவை நாங்கள் கண்ட நாட்கள் குறைவு. 2008-ஆம் ஆண்டில், பணியில் இருந்தபோதே, மாரடைப்பால் அவர் காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது.

எனக்கு இப்போது ஒன்பது வயது மகளும் ஐந்து வயது மகனும் இருக்கின்றனர். இரவுப்பணி வாரம் ஒன்றில் என் மனைவி மகனைப் பார்த்து வாயில் விரலை வைத்து, அதே வாக்கியத்தைச் சொல்லக் கேட்டேன். அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து பேசினோம். பிள்ளைகளை அடக்கி உறக்கத்தைக் காப்பாற்றுவதைவிட, அறையைத் திருத்தி உறக்கத்தைக் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பது என முடிவு செய்தோம்.

முதலில் எந்த அறை என்ற கேள்வி எழுந்தது. எங்கள் குடியிருப்பில் கிழக்கில் ஓர் அறை, மேற்கில் ஓர் அறை. மேற்கு அறை 'அடுப்பு' என்று பெயர்பெற்றது. மே மாதத்தில் இரவு பதினொரு மணிக்கும் அதன் சுவரில் கை வைக்க முடியாது. ஆகவே அதைச் சாமான் அறையாக வைத்திருந்தோம். கனமான செங்கல் சுவர் வெயிலை வாங்கி உடனே உள்ளே விடுவதில்லை. பல மணி நேரம் தன்னுள் வைத்திருந்து பின்பு மெல்ல விடுகின்றது. மாலை வெயில் படும் சுவர் நள்ளிரவில் சுடுவது அதனால்தான். ஆனால் அதே சுவர் விடியற்காலைக்குள் ஆறிவிடுகின்றது. மறுநாள் நண்பகல் வரை அதன்மேல் நேர்வெயில் படுவதில்லை. இரவில் உறங்குவோருக்குப் பகையான அறை, காலை ஒன்பது மணிக்குப் படுத்துப் பிற்பகலில் எழுகின்றவனுக்கு நட்பாகின்றது! இத்தனை ஆண்டு அந்த வீட்டில் குடியிருந்தும் எங்களுக்கு இது தோன்றவில்லை. கிழக்கு அறையோ காலை வெயிலை நேராக வாங்குவது. அப்பா உறங்கியது அந்த அறையில்தான். இப்போது இரவில் எல்லாரும் கிழக்கு அறையில் படுக்கின்றோம். பகலுறக்கத்துக்கு மட்டும் மேற்கு அறை.

சாமான் அறை உறங்கும் அறையாவது எளிதாக முடிந்த செயல் அன்று. பழைய டிரங்குப் பெட்டிகள் நான்கு, உடைந்த தையல் இயந்திரம் ஒன்று, தந்தையாரின் கார்டு பெட்டி, இவையெல்லாம் இடம் மாறவேண்டியிருந்தது. இவற்றோடு நம் சங்கத்தின் பொங்கல் விழாப் பாத்திரங்களும், இரண்டு குத்துவிளக்குகளும், ஒரு சுருட்டிய ஜமுக்காளமும் ஓராண்டுக்கு மேலாக அங்கே இருந்தன என்பதை நிர்வாகக் குழு அன்பர்கள் அறிவார்கள். இப்போது அவை வேறோர் அன்பரின் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அவருக்கும் உறக்கம் அமையட்டும். அப்பாவின் கார்டு பெட்டியை மட்டும் அம்மா வெளியே விடவில்லை. அது கட்டிலின் தலைமாட்டில் மேசையாக நிற்கின்றது.

அடுத்தது வெளிச்சம். பகலில் உறங்குவோர்க்கு முதற்பகை ஓசை என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அது ஒளியே. நம் உடம்புக்குள் ஏறத்தாழ ஒருநாள் அளவில் சுற்றும் கடிகாரம் ஒன்று இருக்கின்றது. அது உயிரணுக்களுக்குள்ளேயே எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் கண்டு சொன்ன ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவருக்கு 2017-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது பெரும்பாலும் ஒளியே. இருள் சூழ்ந்தால் மூளையில் உள்ள சிறு சுரப்பி ஒன்று மெலடோனின் என்னும் பொருளைச் சுரந்து, உடம்புக்கு இரவு வந்ததென்று அறிவிக்கின்றது. வெளிச்சம் கண்ணில் பட்டால் அச்சுரப்பு அடங்குகின்றது. பணி முடிந்து காலை எட்டு மணி வெயிலில் வீடு திரும்புகின்றவனுடைய உடம்புக்கு, 'விடிந்துவிட்டது, எழு' என்ற கட்டளையே கிடைக்கின்றது. போதாததற்கு உடம்பின் உட்சூடும் அதிகாலையில் மிகக் குறைந்திருந்து பின்னர் ஏறத் தொடங்குகின்றது. இறங்கும் சூட்டில் வரும் உறக்கம் ஏறும் சூட்டில் வருவதில்லை. இரவில் ஏழு மணி நேரம் உறங்குகின்றவன் பகலில் நான்கு ஐந்து மணியில் விழித்துக்கொள்வதன் காரணம் இதுவே. சோம்பலும் இல்லை, மனக்கவலையும் இல்லை.

ஆகையால் ஜன்னலுக்கு இரட்டைத் திரை தைத்தோம். உட்புறம் கெட்டியான கறுப்புத் துணி. வெளிப்புறம் வெள்ளைத் துணி. கறுப்பு ஒளியைத் தடுக்கும், ஆனால் வெப்பத்தை வாங்கும். வெள்ளை வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். துணியும் கம்பியும் சேர்த்து 740 ரூபாய் ஆயிற்று. தையல் என் மனைவியுடையது. திரை மாட்டியதும் இருண்டுவிடும் என்று நினைத்தோம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றபோது, திரையின் மேல்விளிம்பில் கத்திபோல ஒரு வெளிச்சக் கோடு கூரை வரை நீண்டிருந்தது! ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை அடித்து, திரையைப் பக்கங்களில் சட்டத்தைத் தாண்டி ஒரு சாண் நீட்டிய பிறகே அது மறைந்தது. கதவின் அடியில் பழைய போர்வையைச் சுருட்டித் தைத்து வைத்தோம். அது ஒளியையும் தடுக்கும், ஓசையையும் ஓரளவு தடுக்கும். சுவரிலிருந்த மின்விசைப் பலகையில் எரிந்துகொண்டிருக்கும் சிறு சிவப்பு விளக்குக்கும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினேன். இது மிகை என்று என் மனைவி சொன்னாள். அறை இருண்ட பிறகு அந்தச் சிறு விளக்கு ரயில்வே சிக்னல் போலத் தோன்றியதென்பதை அவளும் ஒப்புக்கொண்டாள்.

நாகபுரியின் கோடையைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மே மாதத்தில் 45 டிகிரியைத் தாண்டுவது இங்கே வியப்பன்று. என் சிறுவயதில் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி, அம்மா நாழிகைக்கு ஒருமுறை அதன்மேல் நீர் தெளிப்பார். அந்த மணம் இன்றும் எனக்கு அப்பாவின் உறக்கத்தையே நினைவூட்டுகின்றது. இன்று வீட்டுக்கு வீடு கூலர் வந்துவிட்டது. இரண்டின் தத்துவமும் ஒன்றே. வறண்ட காற்று ஈரத்தின் வழியாகப் புகும்போது நீர் ஆவியாகின்றது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்கின்றது. இதில் பலர் கவனியாத செய்தி ஒன்று உண்டு. கூலர் உள்ளே தள்ளும் காற்றுக்கு வெளியேற வழி வேண்டும். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துக் கூலரை ஓடவிட்டால், அரை மணியில் அறை முழுவதும் ஈரம் நிறைந்துவிடும்; ஈரம் நிறைந்த காற்றில் நீர் மேலும் ஆவியாகாது; பிறகு கிடைப்பது குளிர்ச்சியன்று, புழுக்கமே. ஆகவே எதிர்ச்சுவரின் மேலுள்ள சிறு காற்றுத்துளையைத் திறந்து, அதன்முன் வளைந்த தகரம் ஒன்றைப் பொருத்தினோம். காற்று போகும், ஒளி வராது. ஜூன் நடுவில் மழை இறங்கியதும் கூலரில் நீர்விடுவதை நிறுத்திவிட வேண்டும். மழைக்காலத்திலும் நீர்விட்டு ஓட்டிப் படுக்கையெல்லாம் நமத்துப்போய், உடல்வலியோடு எழுகின்றவர்களை ஆண்டுதோறும் காண்கின்றேன்.

கூலர் நீரைப் பற்றி இன்னுமொன்று. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகின்றது. முட்டை கொசுவாகப் பத்து நாள் அளவே போதும். வாரம் ஒருமுறை தொட்டியை முற்றும் வடித்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு மீண்டும் நிரப்புகின்றோம். இந்தக் கொசு கடிப்பதும் பகலில்தான். இரவில் வலை கட்டிப் பாதுகாப்பாக உறங்குகின்றவர் வீட்டிலேயே, பகலில் உறங்குகின்றவர் வலையின்றிக் கிடப்பதைப் பார்க்கலாம். வலை அவருக்கே முதலில் வேண்டும்.

படுக்கையைப் பற்றி அம்மாவுக்கும் எனக்கும் நெடுநாள் வழக்கு. ரப்பர் மெத்தை வாங்கலாம் என்றேன் நான். பஞ்சு மெத்தைக்கு ஈடில்லை என்றார் அம்மா. அம்மா வென்றார். நுரைமெத்தை உடம்பின் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்கின்றது, ஏ.சி. இல்லாத நாகபுரி வீட்டுக்கு அது ஏற்றதன்று. விதர்ப்பம் பருத்தி விளையும் நாடு; பழைய மெத்தையைப் பிரித்துப் பஞ்சடித்துப் புதிய உறைபோட்டுத் தருவோர் இன்னும் இருக்கின்றனர். பஞ்சு மெத்தையை வெயிலில் காயப்போடவும் எளிது. அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு. படுக்கைத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்துகளைத் தின்று வாழ்கின்றன; ஆஸ்துமாவைக் கிளப்புவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஈரம் அவற்றுக்கு வாழ்வு, வறட்சி சாவு. உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, மெத்தையை இருபுறமும் நல்ல வெயில் காட்டுகின்றோம். கடுங்கோடையில் அம்மா மெத்தையை ஒதுக்கிவிட்டு, திருநெல்வேலியிலிருந்து வந்த கோரைப்பாயைத் தரையில் விரித்துவிடுவார். முதுகின் வியர்வை காற்றோட்டத்தில் உலர்வதற்குப் பாயைப்போல் வேறொன்றில்லை.

வடக்கே தலைவைத்துப் படுக்கலாகாது என்பதும் அம்மாவின் சட்டம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆயினும் கட்டிலைத் திருப்பிப் போட்டேன். வயதான தாயின் மனம் அடுத்த அறையில் நிம்மதியாக இருப்பதும் உறக்கத்துக்கு உதவுவதுதானே?

இனி ஓசை. தண்டவாளத்துக்கு அருகில் வளர்ந்தவனுக்கு வண்டியோசை தாலாட்டு. நூறு பெட்டி நிலக்கரி வண்டி போனாலும் விழிப்பதில்லை. சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தால் விழித்துக்கொள்கின்றேன். ஓசையின் அளவைவிட அதன் திடீர்த்தன்மையே உறக்கத்தைக் கலைக்கின்றது. சீராக ஒலிக்கும் கூலரின் இரைச்சல் சிறு ஓசைகளையெல்லாம் தன்னுள் அடக்கிக்கொள்கின்றது. கோடை முடிந்து கூலரை நிறுத்திய பிறகும் இதற்காகவே மின்விசிறியை வேகமாக ஓடவிடுகின்றேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல், பகலில் 55 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. இரவு என்பது அவற்றின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. பகலில் உறங்குகின்றவனைச் சட்டம் அறியாது; வீடும் அக்கம்பக்கமும் அறிந்தால் உண்டு. என் மனைவி குக்கர் வேலையை நான் வருமுன்பே முடித்துவிடுகின்றாள். அடுத்த வீட்டு மராத்தியப் பெண்மணியிடமும் இதைச் சொன்னோம். தம் கணவரும் லோகோ ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர் என்றும், இதைச் சொல்லவே வேண்டியதில்லை என்றும் கூறிவிட்டார். அதன்பின் அவர் வீட்டு மாவு இயந்திரம் மாலையில்தான் ஓடுகின்றது.

ரயில்வேயில் ஓட்டுநர்களின் உறக்கம் பாதுகாப்போடு சேர்த்து எண்ணப்படுகின்றது. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ பணிசெய்து தலைமையிடம் திரும்பிய ஓட்டுநருக்கு 16 மணி நேர ஓய்வு என்பது விதி. அவர்கள் வெளியூரில் தங்கும் ரன்னிங் ரூம் ஒன்றை ஒருமுறை பார்த்தேன்: கனத்த திரை, தூய விரிப்பு, நடைவழியில் பேசாதீர் என்ற பலகை. இருட்டும் அமைதியும் குளிர்ச்சியும் அன்றி வேறு அலங்காரம் ஒன்றுமில்லை. எங்கள் அறைக்கு அதுவே முன்மாதிரி.

இவ்வளவும் செய்த பிறகு பிள்ளைகளைப் பற்றிய கேள்வி மிஞ்சியது. அவர்கள் பள்ளியிலிருந்து ஒன்றரை மணிக்கு வருகின்றார்கள். நான் ஒன்பது மணிக்குப் படுத்தால் நான்கு மணி வரை உறங்க விரும்பலாம். விரும்பினாலும் உடம்பு பெரும்பாலும் இரண்டரைக்கு மேல் ஒத்துழைப்பதில்லை. ஆகவே வீட்டில் ஓர் ஒப்பந்தம் செய்தோம். இரண்டு மணி வரை வீடு என்னுடையது. இரண்டு மணிக்கு மேல் பிள்ளைகளுடையது. அதன்பின் அவர்கள் ஓடலாம், பாடலாம், சண்டையிடலாம். யாரும் வாயில் விரல் வைக்கக் கூடாது. குறைகின்ற உறக்கத்தை இரவு எட்டரை முதல் பத்து மணி வரை படுத்து ஈடு செய்கின்றேன். இரவுப்பணிக்கு முன் இவ்வாறு சிறிது உறங்கிச் செல்வதால், அதிகாலை மூன்று மணிக்குப் பார்சல் சீட்டுகளில் எண்கள் மங்கலாகத் தெரிவதும் நின்றுவிட்டது. தேநீரை இரவு மூன்று மணிக்குப் பின் தொடுவதில்லை. அதன் ஊக்கம் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகின்றது. கைப்பேசி மனைவியிடம் இருக்கும். அந்நாளில் கால் பாய் கதவைத்தான் தட்டினான். இந்நாளில் அவன் தலையணைக்கு அடியிலேயே படுத்துக்கொள்கின்றான். அவனை வெளியே நிறுத்துவது என் பொறுப்பு.

சென்ற இரவுப்பணி வாரத்தில் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டே முக்காலுக்குக் கண் விழித்தேன். அறையில் இன்னும் இருட்டு. கதவுக்கு வெளியே கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் மோதும் ஓசையும், காய் யாருடையது என்ற வழக்கும் கேட்டன. எழுந்து வெளியே வந்தேன். மகள் ஆட்டத்தை நிறுத்தாமலே, பள்ளி நாட்குறிப்பை என் பக்கம் தள்ளி, "ஒப்பம் வேண்டும் அப்பா; நேற்றே கேட்டிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்" என்றாள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து வெட்டிவேர்க் கட்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். கூலரின் பழைய புல்லை எடுத்துவிட்டு இதை அடைத்தால் மணமாக இருக்கும், கடைக்காரன் சொன்ன விலையில் பாதிக்கு வாங்கினேன் என்றார்.